காலையில யாரு இருப்பா?

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் காப்பார் தாமான் குடியிருப்பு வீடுகளின் தகரக் கூரைகளில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிரிகரி வாசற்படியில் உட்கார்ந்து, பூட்ஸின் அடியில் அப்பியிருந்த சேற்றை ஸ்குரூ டிரைவரால் சுரண்டிக்கொண்டிருந்தான். காலையில்தான் பாடாங் பெசாரில் இருந்து டிரெய்லரைக் கொண்டுவந்து யார்டில் விட்டிருந்தான். இரண்டு நாள் தூக்கம் கண்ணில் இருந்தது. அப்போது ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெயரைக் கேட்டான். அடையாள அட்டையை, ஐசியைக் காட்டச் சொன்னான். ஒரு தடித்த உறையை நீட்டினான்.

"இங்க ஒரு சைன் வைங்க, பாஸ்."

"என்னாது இது?"

"கோர்ட்டு சுராட், கடுதாசி. வீட்டுக்காரம்மா போட்டிருக்காங்க. நான் கொண்டாந்து குடுக்குற ஆளுதான்லா, என்கிட்ட கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது."

கிரிகரி கையெழுத்துப் போட்டான். மோட்டார் சைக்கிள் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் திரும்பி மறைந்தபிறகும் அவன் உறையைப் பிரிக்கவில்லை. சுரண்டிக்கொண்டிருந்த பூட்ஸை முதலில் முடித்தான்.

மனைவி சாண்ட்ரா வீட்டை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. வருஷக் கடைசி ஸ்கூல் லீவில் மகள் ஷெரிலையும் கூட்டிக்கொண்டு செலாயாங் பக்கம் போனவள், அங்கேயே ஒரு ரூம் எடுத்துக்கொண்டாள். மொத்தப் பாசாரில், காய்கறிச் சந்தையில் வேலை. பிள்ளைக்கும் அங்கேயே ஸ்கூல். கிரிகரி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவன் குடிக்கிறவன் இல்லை. கை நீட்டினதில்லை. வேறு பெண் பக்கம் போனதில்லை. கோபம் ஆறினால் வந்துவிடுவாள் என்று நினைத்தான். பதிவு இலாகாவில் இருந்து, கணவன் மனைவி இருவரும் பேச வரவேண்டும் என்று மூன்று தடவை கடிதம் வந்தது. மூன்றையும் ஐஸ் பெட்டி மேல் வைத்தான். தான் போகாவிட்டால் காரியம் நகராது என்று ஒரு நம்பிக்கை.

உறைக்குள் பதினெட்டுப் பக்கம் இருந்தது. மலாய் அவனுக்குத் தெரியாததல்ல. போர்ட்டில் தினமும் சரக்குப் படிவம் படிக்கிறவன்தான். ஆனால் இது வேறு மலாயாக இருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் அரைப் பக்கம் ஓடியது. நாலாம் பக்கத்தில் ஒரு தேதிப் பட்டியல். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, அன்றைக்கு எதிர்மனுதாரர் வீட்டில் இல்லை என்று எழுதியிருந்தது. சாண்ட்ராவின் பித்தப்பை ஆபரேஷன் அன்று. பிள்ளையின் முதல் நற்கருணை அன்று. பதினான்கு தேதிகள். அந்த நாட்களில் தான் எங்கே இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தான். ஏதாவது ஒரு ஹைவேயில்தான் இருந்திருப்பான். எந்த ஹைவே என்று ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் 'ஹாக் ஜாகாஆன்' என்ற சொல்லும், அதன் பக்கத்தில் ஷெரிலின் முழுப் பெயரும் இருந்தன. பிள்ளையை வைத்துக்கொள்ளும் உரிமை. அதற்குமேல் அவன் படிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டான்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லியா?" வெரோனிகா எடுத்ததும் ஆரம்பித்தாள். "வீட்டு மேலயும் பிள்ள மேலயும்தான் அவளுக்குக் கண்ணு. நீ பேசாம இரு. எதுலயும் சைன் வெக்காத."

"வெச்சிட்டேன்க்கா. வாங்கினதுக்கு."

"முட்டாள். சரி, திங்கக்கிழம லீவு போடு. கோயிலுக்கு வர்ற லோகேஸ்வரி தெரியும்ல? லாயர். கட்சி மாறி வந்தாலும் நல்ல பொண்ணு. நம்ம பிள்ளய விட்டுக் குடுக்கவே கூடாது, கேட்டியா?"

கட்சி என்று அவள் சொன்னது மதத்தை. லோகேஸ்வரி கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள்.

திங்கட்கிழமை அக்காவும் தம்பியும் பூக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஆபீசுக்கு ஏறிப் போனார்கள். கீழே மல்லிகைச் சரம் கட்டுகிறவர்களின் ரேடியோச் சத்தம் மாடி வரைக்கும் வந்தது. வெரோனிகாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். பிள்ளைகள் இல்லை. பிளாட்டில் இருந்தபடியே கட்லெட்டும் கறிப்பஃபும் செய்து கோயில் விசேஷங்களுக்குக் கொடுப்பாள். அன்று ஒரு துணிப்பை நிறையப் படங்கள் கொண்டுவந்திருந்தாள். ஷெரிலின் ஞானஸ்நானம், பிறந்தநாள்கள், கேமரன் மலைக்குப் போனது. எல்லாவற்றிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள்தான் நின்றாள். கிரிகரி இரண்டில் இருந்தான்.

லோகேஸ்வரி மனுவை மெதுவாகப் படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, இரண்டு பக்கம் பின்னால் போய் மறுபடி படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"அண்ணே, இத முழுசா படிச்சீங்களா?"

"கொஞ்சம் படிச்சேன் மிஸ். பிள்ளய அவளே வெச்சுக்கிறேன்னு கேக்குறா. அதான..."

"இல்லண்ணே. பிள்ளய உங்ககிட்ட குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க."

மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னா மிஸ் சொல்றீங்க?"

"ஹாக் ஜாகாஆன் எதிர்மனுதாரருக்கு. அது நீங்க. அவங்களுக்கு வாரத்துல ஒரு நாளு, ஸ்கூல் லீவுல பாதி. வீடு உங்க பேருலயே இருக்கட்டும், ஷெரிலுக்குப் பதினெட்டு வயசு வரைக்கும் விக்கக் கூடாதுன்னு மட்டும் கேட்டிருக்காங்க. பாதி வீடு எனக்குன்னு அவங்க கேட்டிருக்கலாம். அப்ப வேல பாத்த கிளவுஸ் ஃபேக்டரி சம்பளத்துல அவங்களும் சேந்துதான வீட்டுக் கடனக் கட்டினாங்க? கேக்கல."

"இதுல ஏதோ இருக்கு," என்றாள் வெரோனிகா. "எந்தப் பெத்தவ இப்பிடி எழுதுவா? வேற எவனோ..."

"அப்படி இதுல ஒண்ணும் இல்ல ஆன்டி. இருக்குறதத்தான் நான் சொல்ல முடியும்."

கிரிகரி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக அவன் மனதில் ஒரு சண்டைக்குத் தயாராகி இருந்தான். கோர்ட்டில் எழுந்து நின்று என்ன சொல்வது என்றெல்லாம் லோரி ஓட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்திருந்தான். இப்போது எதிரே ஆளைக் காணோம். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வந்தது பயம். அது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"நான் வாரத்துல நாலு ராத்திரி ரோட்டுல இருக்கேன் மிஸ்."

"தெரியுது. அதான் கேக்குறேன். உங்களுக்கு இது சம்மதமா? முடியாதுன்னும் சொல்லலாம்ணே. அதுக்கும் பதில் மனு போடலாம். அப்ப ஜட்ஜு, பிள்ளைக்கு எது நல்லதுன்னு பாத்து முடிவு பண்ணுவாங்க."

முடியாது என்று சொல்லலாம் என்பது அவன் நினைத்தே பார்க்காதது. அதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னதும்தான், தனக்குள் அது ஏற்கனவே இருந்தது தெரிந்தது.

படி இறங்கும்போது வெரோனிகா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்க? ஈஸியாப் போச்சு. நீ வாங்கிக்க. என்கிட்ட கொண்டாந்து விடு. இங்க ஸ்கூலு இருக்கு, கோயிலு இருக்கு. நான் பாத்துக்க மாட்டேனா? நீ உன் டிரிப்ப ஓட்டு. சண்டேல வந்து பாரு."

"சரிக்கா," என்றான். சொன்ன உடனே நெஞ்சு லேசானது. அப்படி லேசானதை நினைத்தால்தான் மறுபடி ஒரு மாதிரி இருந்தது.

மறுநாள் அவன் செலாயாங்குக்குப் போனான். எதற்கு என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. மொத்தப் பாசாரில் காலை எட்டு மணிக்கெல்லாம் வியாபாரம் முடிகிற நேரம். கேமரன் மலையில் இருந்து வந்த லோரிகள் காலியாகி நின்றன. தரையெல்லாம் மிதிபட்ட கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் இலை. அழுகலும் ஈரமும் கலந்த வாடை. சாண்ட்ரா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கோபிஸின் வெளி இலைகளைச் சின்னக் கத்தியால் சீவிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். ரப்பர் பூட்ஸ், பிளாஸ்டிக் ஏப்ரன். இளைத்திருந்தாள். அவனைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"பசியாறியாச்சா?" என்று கேட்டாள்.

"ம்." அவன் பசியாறவில்லை.

"பேப்பர் கெடச்சிதா?"

"கெடச்சிது. எனக்கு ஒண்ணும் புரியல சாண்ட்ரா. வீடு வேணாங்குற. பிள்ள வேணாங்குற. அப்ப எதுக்குக் கோர்ட்டு?"

கத்தி ஒரு நொடி நின்றது.

"பிள்ள வேணாம்னு யாரு சொன்னா?"

"எழுதியிருக்கே."

"எழுதினா அது வேற." அவள் அடுத்த கோபிஸை எடுத்தாள். "நான் விடிகால ரெண்டரைக்கு ரூம விட்டுக் கெளம்பணும். அவ ஸ்கூல் வேன் ஆறே காலுக்கு. நடுவுல யாரு? அவளேதான் அலாரம் வெச்சு எந்திரிப்பா, குளிப்பா, பூட்டிட்டு இறங்குவா. பத்து வயசு. சமத்தாத்தான் செஞ்சா. போன மாசம் மைலோ கலக்கத் தண்ணி வெச்சிட்டு மேசையிலயே தூங்கிட்டா. தண்ணி வத்தி, கெத்தல் கருகி, ரூம் பூரா பொக. பக்கத்து ரூம்ல பங்களாதேஷ்காரத் தம்பி ஒருத்தர் கதவ ஒடச்சு அவளத் தூக்கிட்டு வந்தாரு. எனக்குப் போன் வந்தப்ப கையில இதே கத்தி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா?"

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பான்? அக்காவிடம் சொல்லியிருப்பான். அக்கா இதைப் பிடித்துக்கொண்டு ஆடியிருப்பாள். வேறு என்ன?

"வேற வேல பாக்கலாமே?"

"பாக்குறேன். கெடைக்கணும்ல. அந்த வீட்டுலயே இருந்திருக்கலாம்னு கேக்காதீங்க. ஆளு இருந்தும் ஆளு இல்லாத வீட்டுல பன்னெண்டு வருஷம் இருந்துட்டேன். எனக்கு அங்க மூச்சு விட முடியல. அது ஏன்னு கேட்டா கோர்ட்டுல சொல்ற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க கெட்டவரு இல்ல. அதான் கொழப்பமே." இலையைச் சீவி எறிந்தாள். "ஆனா அவளுக்கு அங்க ஸ்கூல் இருக்கு, ஃப்ரெண்ட்ஸ் இருக்கு, பக்கத்து வீட்டு ஆயிஷா அக்கா இருக்காங்க. எனக்கு மூச்சு முட்டுதுன்னு அவளையும் இழுத்துட்டு வந்துட்டேன். தப்போ சரியோ. தெரியல."

"நான் அவள அக்கா வீட்டுல விடலாம்னு..."

சாண்ட்ரா தலை தூக்கினாள். கண் சிவந்திருந்தது, தூக்கம் இல்லாமலா வேறெதாவதா என்று சொல்ல முடியாது.

"நான் உங்ககிட்டதான் குடுக்கச் சொல்லி எழுதினேன்," என்றாள். முதலாளி சீனத்தில் எதையோ கத்த, எழுந்து அடுத்த கூடையை இழுக்கப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷெரிலைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போனான். ஆற்றுக்கு அருகே ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் மீ கோரேங், வறுத்த நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தான். அவள் முதலில் பயறு முளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அவளுக்கு அது பிடிக்காது என்று அவனுக்குத் தெரியாது. சூடான காற்று, எங்கோ தோட்டம் எரிக்கிற புகை வானத்தில் மங்கலாக நின்றது.

"அம்மா சொன்னாங்களாம்மா? கோர்ட்டு விஷயம்?"

"ம்."

"உனக்கு எங்க இருக்கணும்? அம்மாகிட்டயா, அப்பாகிட்டயா, அத்தகிட்டயா?"

"தெரியலப்பா."

"சும்மா சொல்லு. அப்பா கோச்சுக்க மாட்டேன்."

அவள் ஸ்பூனால் மீயைச் சுற்றினாள். "எனக்கு நெசமாவே தெரியல. நான் ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"காலையில யாரு இருப்பா?"

"எங்க?"

"எங்க இருந்தாலும். நான் எந்திரிக்கும்போது யாரு இருப்பா?"

கிரிகரி தே தாரிக் தேநீரை எடுத்து உறிஞ்சினான். ஆறிப்போயிருந்தது. அக்கா இருப்பாள் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அக்கா நாலரைக்கே எழுந்து மாவு பிசைகிறவள். ஆனால் வாய் வரவில்லை. பிள்ளை பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. கேட்டு முடித்ததும் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள், பதில் வராது என்று பழகினவள் மாதிரி.

திங்கட்கிழமை யார்டில் சூப்பர்வைசர் சொக்கலிங்கத்தைப் போய்ப் பார்த்து, உள்ளூர் ஓட்டத்துக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டான். தமிழ்நாட்டில் இருந்து வேலை பெர்மிட்டில் வந்து, பதினைந்து வருஷத்தில் மேலே ஏறினவர். கரி படிந்த கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"லோக்கல் ரன்னா? நீயா? போர்ட்டுக்கும் கோடவுனுக்கும் கன்டெய்னர் பெட்டி இழுக்கறது புதுசா லைசென்ஸ் எடுத்தவனுங்க வேலைப்பா. டிரிப் அலவன்ஸ் போயிடும்."

"தெரியும் அண்ணே. எட்டு மணிக்கு ஆரம்பிக்கலாமா? அதுக்கு முன்ன என்னால வர முடியாது."

"என்னப்பா ஆச்சு வீட்ல?"

"பிள்ள வருது அண்ணே," என்றான்.

சொக்கலிங்கம் சிரித்து, "வாழ்த்துகள்பா, எத்தனாவது மாசம்?" என்றார். கிரிகரி திருத்தவில்லை.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் அவள் கறிப்பஃப் ஓரங்களை மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டோர் ரூமைக் காலி செய்து, ஒரு கட்டில் போட்டு, பூப்போட்ட மெத்தை விரிப்புகூட விரித்து வைத்திருந்தாள். அதைப் பார்த்தபிறகு அவன் சொல்ல வந்ததைச் சொல்ல அரைமணி நேரம் ஆனது.

"நானே பாத்துக்கிறேன்க்கா."

"நீயா? உனக்கு அவ செருப்பு சைஸ் தெரியுமாடா?"

"தெரியாது."

"எத்தனாவது படிக்கிறா, அதாவது தெரியுமா?"

"நாலாவது."

"பெரிசா." மடிப்பு ஒன்று பிய்ந்தது, அதை அழுத்தி ஒட்டினாள். குரல் மாறியது. "இருபத்தஞ்சு வருஷமா நானும் இவரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு இருக்கோம். ஒரு பிள்ளய என் கையில குடுக்க ஒனக்கு மனசு வரலல்ல?"

"அப்பிடி இல்லக்கா."

"பின்ன எப்பிடி?"

அவள் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கிளம்பும்போது இருபது கறிப்பஃப்களைப் பொட்டலம் கட்டி நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

ஷா ஆலம் கோர்ட்டில் முறை வந்தது இரண்டு மாதம் கழித்து. நீதிபதி வயதான மலாய்க்கார அம்மாள். எல்லாரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஷெரிலை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். கால் மணி நேரம். பெஞ்சின் ஒரு முனையில் சாண்ட்ரா, மறுமுனையில் கிரிகரி. நடுவில் லோகேஸ்வரியின் கைப்பை. உள்ளே என்ன பேசினார்கள் என்று அவர்களுக்குக் கடைசி வரை தெரியாது. ஷெரில் வெளியே வந்தபோது கையில் ஒரு மிட்டாய் இருந்தது.

பிறகு நீதிபதி கிரிகரியை எழுந்து நிற்கச் சொன்னார். உங்களுக்கு என்ன வேலை, எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். சொன்னான். அவர் எதையோ எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை எழுந்திருக்கும்போது வீட்டில் யார் இருப்பார்?"

கிரிகரி திரும்பி ஷெரிலைப் பார்த்தான். அவள் மிட்டாய்த் தாளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சாயா, யாங் அரிஃப்," என்றான். நான்தான், நீதிபதி அவர்களே.

ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை அப்பாவிடம், சனிக்கிழமையும் லீவில் பாதியும் அம்மாவிடம், வீடு விற்கப்படக் கூடாது. விவாகரத்து மூன்று மாதத்தில் முழுமையாகும். பன்னிரண்டு வருஷம் இவ்வளவு சீக்கிரத்தில் கலையுமா என்று கிரிகரிக்குக் குழப்பமாக இருந்தது. வெளியே வந்ததும் லோகேஸ்வரி இருவருக்கும் கை கொடுத்துவிட்டு அடுத்த கேசுக்கு ஓடினாள்.

கீழே கேன்டீனில் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று யாரும் சொல்லவில்லை. ஷெரில் கைகழுவப் போன நேரத்தில் சாண்ட்ரா வேகவேகமாகப் பேசினாள்.

"எறா குடுக்காதீங்க, தடிச்சுப் போகும். கணக்குல வீக், ஆனா அதட்டினா இன்னும் மோசமாயிடும். பயந்தா வயித்து வலின்னு சொல்லுவா, அது பயம்தான். அப்புறம்..." நிறுத்தினாள். "இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, அவ பெரிய மனுஷி ஆயிடுவா. அன்னிக்கு ஆயிஷா அக்காவக் கூப்பிட்டுட்டு, உடனே எனக்குப் போன் பண்ணுங்க. எந்த நேரமா இருந்தாலும் பண்ணுங்க. நான் வருவேன். அக்கா வீட்டுக்கு மொதல்ல பண்ணாதீங்க. எனக்கு."

"சரி."

"சத்தியமா?"

"உனக்குத்தான் பண்ணுவேன்."

ஷெரில் வந்துவிட்டாள். சாண்ட்ரா அவள் ஈரக் கையைத் தன் சட்டையில் துடைத்தாள். துடைத்து முடித்தும் விடவில்லை. பஸ் வந்தபோது ஏறி, ஜன்னல் பக்கம் உட்காராமல் நடுவில் போய் நின்றுகொண்டாள். ஷெரில் அழவில்லை. அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, காப்பார் வரைக்கும் அவன் சட்டையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பிள்ளை பழைய ஸ்கூலுக்குத் திரும்பும் திங்கட்கிழமை காலைக்காக கிரிகரி ஐந்தரைக்கு அலாரம் வைத்திருந்தான். ஐந்துக்கே முழிப்பு வந்துவிட்டது. பக்கத்து அறையில் சத்தமில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தான். தண்ணீர் வைக்கலாம் என்று ஹாலுக்கு வந்தவன் அப்படியே நின்றான்.

நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இருட்டில் வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. ஷெரில் யூனிபார்ம் போட்டு, தலை சீவி, பையை மடியில் வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்திருந்தாள்.

"எப்பம்மா எந்திரிச்ச?"

"நாலேமுக்கால்."

"ஏன் லைட்டு போடாம இருட்டுல உக்காந்திருக்க?"

"லைட்டு போடக் கூடாதுப்பா," என்றாள் மெல்லிய குரலில், அவனுக்கு விஷயம் தெரியாது என்று சொல்லிக்கொடுக்கிற மாதிரி. "லைட்டு எரிஞ்சா, தனியா ஒரு பிள்ள இருக்குதுன்னு வெளிய இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும். அம்மா சொல்லிருக்காங்க. சத்தம் போடாம வேன் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும்."

கிரிகரி பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். செலாயாங்கில் ஒரு சின்ன ரூமில், இருட்டில், இப்படி எத்தனை காலைகள் என்று எண்ணப் பார்த்தான். அவள் அம்மாவின் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தான்; வந்தது கோபம் இல்லை. வெளியே செம்பனைத் தோட்டத்துப் பக்கம் முதல் மோட்டார் சைக்கிள் ஒன்று வேலைக்குப் போகிற சத்தம் கேட்டது.

"அப்பா, நீங்க போய்த் தூங்குங்க," என்றாள் ஷெரில். "இங்கயும் வேன் ஆறே காலுக்குத்தான வரும். நான் பாத்துக்குவேன்."

"இல்லம்மா. நான் முழிச்சிட்டேன்."

எழுந்து சுவரைத் தடவினான். சொந்த வீட்டில் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தேட அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. விளக்கு எரிந்ததும் பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முதலில் வாசற்கதவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.